41 குதிப்பும் 150 சதுர அடியும்: கீழக்கரையிலிருந்து வானுக்குத் திரும்பும் ஒருவரின் ரிக் தேர்வு

நிலைமை

இந்த ஆய்வில் வரும் ஆளும், அவருக்கு விற்க வந்த ரிக்கும் (முதுகில் மாட்டும் முழு பாராசூட் செட்) விளக்கத்துக்காக உருவாக்கியவை. அளவுகளும் விதிகளும் கணக்கும் நிஜம்.

கீழக்கரைக்காரர், வயது 34. துபாயில் வேலை பார்த்தபோது இரண்டு குளிர்காலம் ஸ்கைடைவிங் கற்று, அமெரிக்க பாராசூட் சங்கமான யு.எஸ்.பி.ஏ.வின் முதல் நிலையான ஏ லைசென்ஸ் எடுத்தார். அதற்குக் குறைந்தது 25 குதிப்பு வேண்டும். இவர் லாக்புக்கில் 41 இருக்கிறது. கடைசிக் குதிப்பு 26 மாதத்துக்கு முன். அதன்பின் ஊரோடு வந்து கடை வைத்துவிட்டார். அன்று எடை 74 கிலோ, இன்று 82. படிப்பு முழுக்க 240 சதுர அடி மாணவர் கனோபி, அதாவது தலைக்கு மேல் விரியும் பாராசூட் துணி. கடைசிப் 12 குதிப்பு மட்டும் வாடகைக்கு எடுத்த 210.

வரும் குளிர்காலத்தில் பத்து நாள் துபாய் போய்த் திரும்பவும் குதிக்க வேண்டும் என்பது திட்டம். ராமநாதபுரம் கரையில் அதற்கு வழியில்லை. இங்கே குதிதளம் எதுவும் கிடையாது. உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து வானூர்தித் தளம் இருக்கிறது, எதிர்க்கரை வேறு நாடு. இந்தியாவுக்குள் குதிக்க நினைப்பவர் அரியானாவின் நார்னோல் போன்ற இடங்களுக்குப் போகவேண்டும். ஆக ஊரில் செய்ய முடிந்தவை மூன்று: உடம்பைத் தயார் செய்வது, கைகளுக்குப் பழைய பாடத்தை நினைவூட்டுவது, ரிக்கைப் பற்றி முடிவெடுப்பது. முதல் இரண்டைத் தள்ளிப்போட்டு மூன்றாவதிலிருந்து தொடங்கியதுதான் இந்த நிகழ்வில் நடந்த முதல் தவறு. இப்படித் திரும்பி வருகிற பெரும்பாலோர் இதே வரிசையில்தான் தொடங்குகிறார்கள்.

தொடக்கம் ஒரு வாட்ஸாப் குரல் செய்தி. துபாயில் இன்னும் குதித்துக்கொண்டிருக்கும் அதே ஊர்க்காரர், இவரைவிடப் பத்து வயது மூத்தவர் (இவருக்குக் ‘காக்கா’, அதாவது அண்ணன்), 700 குதிப்புக்கு மேல் பார்த்தவர். தன் பழைய முழு செட்டைத் தள்ளிவிடப் பார்க்கிறார்: வழக்கமாக விரிக்கும் மெயின், அது கெட்டால் விரிக்கும் ரிசர்வ், எல்லாம் சேர்த்து.

“தம்பி, 150 ஒண்ணும் பெரிய விஷயமில்ல. ரெண்டு நாள்ல கைக்குள்ள வந்துடும். வெளியில விலை கேட்டா மயக்கம் போட்டுருவ.”

“சரி காக்கா, ரிசர்வ் எத்தன?”

“143. அதப் போய் யாரு விரிக்கப் போறா?”

விலை 2.25 லட்சம் ரூபாய். மெயின் 150 சதுர அடி, காற்று நிரம்பும் ஒன்பது அறை, காற்றுப் புகாத இசட்.பி. துணி, ஓரங்கள் சற்றே குறுகும் வடிவம். 600 முறைக்கு மேல் விரிந்தது. லைன்கள் (கனோபியிலிருந்து தொங்கும் கயிறுகள்) ஸ்பெக்ட்ரா என்ற இழை, ஒருமுறைகூட மாற்றாதவை. ரிசர்வ் 143. ஆள் விரிக்காவிட்டால் ரிசர்வைத் தானே திறக்கும் கருவியான ஏ.ஏ.டி. சைப்ரஸ் 2, தயாரித்து 11 ஆண்டு. மெயினைக் கழற்றிவிட்டதும் ரிசர்வைத் திறக்கும் பட்டையான ஆர்.எஸ்.எல். கழற்றப்பட்டிருக்கிறது. உடம்பில் மாட்டும் பட்டைகளான ஹார்னஸ் 168 செ.மீ. உயரக்காரருக்குத் தைத்தது, வாங்கப் போகிறவர் 178.

விற்பவர் ஏமாற்றுக்காரர் அல்ல. அவர் கைக்கு அந்த 150 சாது. சிக்கலே அங்குதான்: தன் கைக்குச் சாதுவானது எல்லார் கைக்கும் சாதுதான் என்று அனுபவசாலி மனதார நம்பிப் பேசும்போது, கேட்பவருக்கும் சந்தேகம் வராது.

தராசு

கணக்கு கனோபியில் தொடங்காது, குளியலறைத் தராசில் தொடங்கும். விமானத்தை விட்டு வெளியேறும்போது உள்ள மொத்த எடைதான் வெளியேறு எடை: உடம்பு, உடை, ஷூ, ஹெல்மெட், ரிக் எல்லாம் சேர்த்து. ரிக்குக்கும் மற்றதுக்கும் 12 கிலோ வைக்கலாம். அன்று 74-உம் 12-உம் சேர்த்து 86 கிலோ, அதாவது 190 பவுண்டு. இன்று 94 கிலோ, 207 பவுண்டு. அந்தப் பவுண்டை சதுர அடியால் வகுத்தால் வருவது விங் லோடிங்.

அவர் கடைசியாகப் பறந்த 210-இல் அன்றைய லோடிங் 0.90. இன்றைய எடையில் அதே 210 கொடுப்பது 0.99. 190 என்றால் 1.09, 170 என்றால் 1.22, 150 என்றால் 1.38. ஏ, பி லைசென்ஸ்காரர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் மேல்வரம்பு 1.0. பழைய 210-இலேயே அவர் அந்த வரம்பை முட்டிக்கொண்டு நிற்கிறார். எட்டுக் கிலோ ஏறியதால், ஒன்றும் வாங்காமலே ஒரு சுற்று சின்னக் கனோபிக்கு இறங்கிவிட்ட கணக்கு.

1.38 என்பது தரையில் என்னவாகிறது என்பதைப் பார்க்கவேண்டும். கனோபியின் வேகம் லோடிங்கின் வர்க்கமூலத்தை ஒட்டி ஏறும். அதே ஆள், அதே வடிவக் கனோபி என்று வைத்தால் 210-ஐவிட 150 சுமார் 18 சதவீதம் வேகம். மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கம் என்பதால் அது 40 சதவீதம் கூடும். தரை தொடும்முன் பிரேக்கை இழுத்து வேகத்தைக் கொல்லும் ஃப்ளேர் அரை நொடி தாமதித்தால் 210-இல் முட்டி சிராய்க்கும் இடத்தில், 150-இல் கணுக்கால் உடையும். அதோடு சின்னக் கனோபியின் லைன்கள் குட்டை. ஒரே லோடிங்கில்கூட பெரியதைவிட வெடுக்கென்று திரும்பும், திரும்பும்போது அதிக உயரத்தை விழுங்கும். தரைக்கருகில் பதற்றத்தில் ஒரு டாகிளை (திருப்பவும் பிரேக் போடவும் உள்ள கைப்பிடி) இழுப்பதுதான் புதியவர்களின் பழைய பிழை. 240-இல் அது பயமுறுத்தும். 150-இல் ஆளை முடித்துவிடும்.

வெயிலும் இதில் சேரும். நம் கரையின் 38 டிகிரி வெயிலில், கடல்மட்டத்தில் நின்றாலும் காற்றின் அடர்த்தி சுமார் 2,700 அடி உயரத்தில் இருப்பதுபோல் குறைந்திருக்கும். இறங்கும் வேகம் 4 சதவீதம் கூடும். துபாய்க் குளிர்காலத்தில் இந்தக் கவலை குறைவு. ஆனால் ‘ஏப்ரல் டிக்கெட் மலிவு’ என்று பயணத்தைத் தள்ளுபவர் இதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

ரிசர்வ் பேச்சை விற்பவர் சிரித்துத் தள்ளியது இன்னும் மோசம். 207-ஐ 143-ஆல் வகுத்தால் 1.45. ரிசர்வ் ஏழு அறை, எஃப்-111 என்ற குறைந்த காற்றூடுருவல் துணி. அதன் ஃப்ளேர் இசட்.பி. மெயினைப் போல் தூக்காது. அதைப் பறக்கும் வேளை எது? மெயின் கோளாறாகி, மூச்சு வாங்கி, தளத்தைவிட்டு எங்கோ இறங்கப் போகும் வேளை. அல்லது மயங்கிக் கிடக்க, ஏ.ஏ.டி. தானே விரித்துவிட்ட வேளை. அப்போது ஃப்ளேர் செய்யக்கூட ஆள் இல்லை. மெயினைவிட ரிசர்வ் சின்னதாக இருப்பது அனுபவசாலிகளிடம் சகஜம். 41 குதிப்புக்காரருக்கு ரிசர்வும் மெயினும் ஒரே அளவை ஒட்டி இருக்கவேண்டும். இந்த எடைக்கு 193-க்குக் கீழே ரிசர்வ் பேச்சே வேண்டாம்; 218 கிடைத்தால் இன்னும் நல்லது. ரிசர்வ் லேபிளில் உச்ச எடை அச்சிட்டிருக்கும். அது தாங்கும் எடை. இறங்கத் தோதான எடை அல்ல. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

ரிக்கைப் பிரித்துப் பார்த்தால்

அளவிலேயே செட் நிராகரிக்கப்பட்டாயிற்று. இருந்தாலும் ஒவ்வொரு பாகமாகப் பார்ப்பது வீணல்ல, பழைய செட் எங்கெங்கே பணம் தின்னும் என்று அப்போதுதான் தெரியும்.

லைனில் தொடங்கலாம். விரிப்பின் வேகத்தைக் குறைக்க லைன்களில் வழுக்கி வரும் துணியான ஸ்லைடர் இறங்கும்போது உரசிச் சூடேறி ஸ்பெக்ட்ரா சுருங்கும். ஸ்லைடர் வளையத்தில் அதிகம் உரசுவது வெளி ஓரத்து லைன்கள். அவற்றிலும் பிரேக் லைன்தான் முதலில் குட்டையாகும். பிரேக் லைன் குட்டையானால் முழு வேகத்தில் பறக்கும்போதே கனோபியின் வால் இழுபட்டிருக்கும். முன் ரைசரை (லைன்களை ஹார்னஸோடு சேர்க்கும் பட்டை) பிடித்து இழுத்தால் வால் இன்னும் மடங்கிக் கனோபி முரண்டும். விரிப்பு ஒரு நாள் மெதுவாக, ஒரு நாள் முகத்தில் அறைந்ததுபோல் இருக்கும். டாகிளை முழுக்க விட்ட நிலையில் பிரேக் லைன் மேலே சற்று வளைந்து தொங்க வேண்டும். விறைப்பாக நேர்கோடாக நின்றால் குட்டை. தரையில் சோதிக்க, ரைசரை ஓர் ஆணியில் மாட்டி லைன்களை ஒரே இழுவிசையில் நீட்டி, தயாரிப்பாளரின் டிரிம் (லைன் நீள) அட்டவணையோடு வலது, இடது என்று ஒவ்வொன்றாக அளக்கவேண்டும். 600 குதிப்பு கண்ட மாற்றாத ஸ்பெக்ட்ரா என்றால் அளப்பதற்கு முன்பே லைன் முழுதும் மாற்றும் ரீலைன் செலவை விலையில் கழித்துவிடலாம். வெக்ட்ரான் லைன் சுருங்காது. ஆனால் நூல் சிலும்பிக்கொண்டே வந்து ஒரு நாள் சொல்லாமல் அறும். புதியவருக்கு, ஒரு கனோபியின் லைன் எது என்று கேட்பது காரின் டயர் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்பது மாதிரி.

ஸ்லைடர் வளையத்தை நகத்தால் தடவிப் பார்ப்பார்கள்; அதைவிடப் பஞ்சு நல்லது. ஒரு துண்டுப் பஞ்சை வளையத்தின் உள்விளிம்பில் சுற்றி ஓட்டினால், கண்ணுக்குத் தெரியாத பிசிறில்கூட நார் சிக்கிக்கொள்ளும். அந்தப் பிசிறு ஒவ்வொரு விரிப்பிலும் லைனை அறுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

பைலட் ஷூட் எனும் குட்டிக் குடைதான் மெயின் பையை வெளியே இழுப்பது. மெயின் விரிந்தபின் குட்டிக் குடை சுருங்கிக்கொள்ள நடுவில் ஒரு கில்-லைன் ஓடும். அதுவும் சுருங்கும். சுருங்கினால், மடிக்கும்போது முழுக்க இழுத்து ஏற்றினாலும் குடை பாதிதான் மலரும், பை தயங்கும். குடையையும் பையையும் இணைக்கும் பிரைடில் பட்டையில் உள்ள சின்னச் சன்னலில் வண்ண அடையாளம் தெரிகிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், ஏற்றிய குடையைக் கையில் விரித்துப் பார்க்கவேண்டும்: நடு லைன் தொய்வாக இருந்தால் சரி, விறைத்து உச்சியைக் கீழே இழுத்தால் கெட்டது. அது சொருகியிருக்கும் ஸ்பாண்டெக்ஸ் பையின் இறுக்கமும் முக்கியம். வெயிலும் உப்புக் காற்றும் அந்த எலாஸ்டிக்கைத் தளர்த்தும். தளர்ந்த பையிலிருந்து விமானத்தின் கதவருகிலேயே குட்டிக் குடை நழுவி வெளியேறினால், அது அந்த ஒருவருக்கு மட்டும் ஆபத்தல்ல, விமானத்துக்கே ஆபத்து.

மெயினைக் கழற்றிவிடும் மூன்று வளையம், கட்அவே கேபிள், பெட்டியை மூடும் குளோசிங் லூப், வளைந்த பின் ஊசி: இவற்றில் துருவோ நூல் பிசிறோ இருக்கிறதா என்று பார்த்தால் போதும், மாற்றினாலும் செலவு சின்னது. கேபிள் அழுக்கேறி மஞ்சள் கறுத்திருந்தால் உரிமையாளர் மாதாந்திரப் பராமரிப்பைச் செய்யவில்லை. அவர் குணத்துக்கு அது ஒரு சாட்சி. மற்றதிலும் அப்படித்தான் இருந்திருப்பார்.

ரிசர்வ் மடிப்பை வாங்குபவர் பிரிக்கக்கூடாது. சிவப்பு நூலும் ஈய முத்திரையும், ரிசர்வை மடிக்க உரிமம் பெற்ற ரிக்கருடையவை. நாம் பார்க்க வேண்டியது தகவல் அட்டை: தயாரித்த தேதி, வரிசை எண், எத்தனை முறை மடித்தது, எத்தனை முறை விரிந்தது. பெர்ஃபார்மன்ஸ் டிசைன்ஸ் நிறுவனத்தின் ரிசர்வ்களுக்கு 40 மடிப்பு அல்லது 25 விரிப்பு ஆனதும் ஆலைக்கு அனுப்பிப் பரிசோதிக்க வேண்டும். அமெரிக்க விதியில் 180 நாளுக்கு ஒருமுறை மறுமடிப்பு. வருஷத்துக்கு இரண்டு என்று வைத்தால் 40 மடிப்பு 20 வருஷத்தில் வந்துவிடும். 20 ஆண்டு தாண்டிய ரிசர்வை மடிக்கவே மறுக்கும் ரிக்கர்கள் நிறைய. விலை பேசுமுன், நாம் குதிக்கப் போகும் தளத்து ரிக்கரிடம் அட்டையின் படத்தை அனுப்பி ‘இதை மடிப்பீர்களா’ என்று கேட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

ஏ.ஏ.டி.யின் விலை நேர்க்கணக்கு. பழைய சைப்ரஸ் 2-க்கு ஆயுள் 12.5 ஆண்டு, 4-ஆம் 8-ஆம் ஆண்டு சர்வீஸ். 11 ஆண்டு போயிற்று. மிச்சம் 18 மாதம், அதாவது மொத்த ஆயுளில் 12 சதவீதம். இவர் ஆண்டுக்கு ஒரு பயணம்தான் போவார் என்றால் அது இரண்டே பயணம். புதியதன் விலையில் எட்டில் ஒரு பங்குகூட அதற்குக் கொடுக்கத் தேவையில்லை. ஆயுள் தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறு: எம்2-க்கு 15 ஆண்டு, விஜிலுக்கு 20. எக்ஸ்பெர்ட் முறையில் சைப்ரஸ், சுமார் 750 அடியில் மணிக்கு 78 மைலுக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால்தான் ரிசர்வின் குளோசிங் லூப்பை வெட்டித் திறக்கும். பாதி விரிந்து சுழலும் மெயினில் அந்த வேகம் வராமலும் போகலாம். பெட்டியில் ஏ.ஏ.டி. இருக்கிறது என்பதால் கட்அவே முடிவைத் தள்ளிப்போட முடியாது.

அதற்குத்தான் ஆர்.எஸ்.எல். மெயினைக் கழற்றிவிட்டால், பிரியும் ரைசரே ஒரு பட்டையால் ரிசர்வ் பின்னை இழுத்துவிடும் ஏற்பாடு. விற்பவர் கழற்றியது கேமராவோடு குதிப்பதால். அவருக்கு அதில் நியாயம் இருக்கலாம். வாங்குபவருக்கு இல்லை. திரும்பிவரும் ஆள் கட்அவே இழுத்துவிட்டு, ரிசர்வ் கைப்பிடியைத் தேடி ஒரு நொடி தடுமாறுவார் என்பதுதான் எதிர்பார்க்கவேண்டிய பிழை; அந்த நொடியை ஆர்.எஸ்.எல். சுருக்குகிறது. மெயின் கனோபியே ரிசர்வை இழுத்து எடுக்கும் ஸ்கைஹுக் போன்ற ஏற்பாடு உள்ள கன்டெய்னர் (கனோபிகளை மடித்து வைக்கும் பெட்டி) பழைய சந்தையில் கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் பணம் தரலாம்.

கடைசியாக ஹார்னஸ். பத்து செ.மீ. உயர வித்தியாசம் தோளிலிருந்து இடுப்புவரை உள்ள பட்டையின் நீளத்தில் தெரியும். குட்டை ஹார்னஸ் தோளை அழுத்தும். நெஞ்சுப் பட்டை கழுத்தருகே ஏறும். கைப்பிடிகள் பழகிய இடத்தைவிட மேலே நிற்கும். மாஸ்டர் ரிக்கர் பட்டையை மாற்றித் தைத்துத் தருவார். ஆனால் கன்டெய்னரைப் பெரிதாக்க முடியாது. 150-க்குத் தைத்த பெட்டியில் ஒரு சுற்று பெரிதான 170 திணிக்கலாம், 210 நுழையாது. திணித்தால் பின் ஊசி இறுகிப் பை வெளிவரத் தாமதிக்கும். மிகச் சின்னதைப் போட்டால் மடல்கள் தளர்ந்து பின் ஊசி நழுவும். அதனால் பழைய செட் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய அளவு கன்டெய்னருடையது. மெயினை விற்கலாம், மாற்றலாம். பெட்டி எந்த அளவுக்குத் தைத்ததோ அதுவே நம்மைப் பிடித்துக்கொள்ளும்.

ஒரே நேரத்தில் எத்தனை மாற்றம்

பாகங்களைத் தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் சொல்லிவிடலாம், விற்பவர் சொன்னதும் அப்படித்தான். ஆனால் இந்த ஆள் அந்த ரிக்கோடு கதவில் நிற்கும்போது அவருக்கு மாறியிருப்பவை: 26 மாத இடைவெளி, 8 கிலோ எடை, 60 சதுர அடி சின்ன மெயின், கைப்பிடி இடம் மாறிய ஹார்னஸ், இல்லாத ஆர்.எஸ்.எல். ஐந்து. குதிப்பில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும் என்று பயிற்சியாளர்கள் சொல்வது பயமுறுத்த அல்ல. ஏதோ தவறாகப் போகும்போது எதனால் என்று கண்டுபிடிக்க மூளைக்கு ஒரே சந்தேகம்தான் இருக்கவேண்டும். ஐந்தில் இரண்டை, இடைவெளியையும் எடையையும், அவரால் இன்று மாற்ற முடியாது. மற்ற மூன்றும் வாங்கினால்தான் வரும்.

யு.எஸ்.பி.ஏ. வழிகாட்டுதலில் ஏ லைசென்ஸ்காரர் 60 நாள் குதிக்காவிட்டாலே பயிற்சியாளர் பார்வையில் ஒரு குதிப்பு வேண்டும். பி-க்கு 90 நாள், மாணவருக்கு 30. இவருக்கு 26 மாதம். மாணவர்போல் பாதிப் பாடத்தைத் திரும்பப் படிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இடைவெளியில் எது மறக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. உடம்பை வில்லாக வளைப்பது சைக்கிள் மாதிரி, முதல் குதிப்பிலேயே திரும்பிவிடும். கீழிருந்து காற்று ஊதி மிதக்கவைக்கும் காற்றுச் சுரங்கத்தில் ஒரு மணி நேரம் போட்டால் இன்னும் விரைவில். மறந்துபோவது உயர உணர்வும், அவசர நடைமுறையும், ஃப்ளேரின் தருணமும். மூன்றில் சுரங்கம் உதவுவது ஒன்றுக்கும் இல்லை. ஆகவே சுரங்கத்தில் நன்றாகப் பறந்தேன் என்ற தைரியம் இங்கே கொஞ்சம் ஏமாற்றும்.

நேரக் கணக்கைப் பார்த்தால் காரணம் தெரியும். வயிறு தரையைப் பார்த்து விழும்போது முதல் 1,000 அடிக்குச் சுமார் 10 நொடி. அதன்பின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஐந்தரை நொடி. ஏ லைசென்ஸ்காரர் 3,000 அடிக்குக் கீழே விரிக்கக்கூடாது; கோளாறு இருந்தால் 2,500 அடிக்குள் முடிவெடுக்கவேண்டும். 4,000 அடியில் குட்டிக் குடையை வீசி எதுவும் வெளிவரவில்லை என்றால் 2,500-க்கு எட்டு நொடிதான் இருக்கிறது. யோசிக்க எட்டு நொடி போதாது. கை தானாக நகரத்தான் போதும்.

அந்தக் கைப் பழக்கத்துக்கு ரிக்கே வேண்டாம். ஒரு பழைய முதுகுப்பையின் தோள்பட்டைகளில், வலது பக்கம் கட்அவே, இடது பக்கம் ரிசர்வ் என்று இரண்டு துணிக் கைப்பிடிகளை வெல்க்ரோவால் ஒட்டிக்கொள்ளலாம். வீட்டு விட்டத்தில் மாட்டிய கயிற்றில் தொங்கியபடி, ஆறு வாரம், நாளுக்குப் பத்து நிமிடம்: மேலே பார், கோளாறு என்று சொல், வலது கைப்பிடியைப் பார், பிடி, இடதைப் பார், வலதை உரித்துக் கைநீள இழு, உடனே இடதை இழு. கண் முதலில், கை பிறகு. கண்ணை மூடிச் செய்து பெருமைப்படுவது தவறான பழக்கம். இரு கனோபியும் ஒன்றாக வெளிவந்த நிலை, கைப்பிடி கைக்கு எட்டாத நிலை, பாதியில் நின்ற ஸ்லைடர் என்று ஒவ்வொரு நாளும் வேறொரு கேள்வியை வீட்டில் யாராவது கத்திக் கேட்டால் இன்னும் நல்லது. அக்கம்பக்கம் சிரிக்கும், சிரிக்கட்டும்.

காற்று

இந்தக் கரையில் வளர்ந்தவருக்கு ஒரு நல்ல விஷயம் உண்டு: காற்றை மதிக்கத் தெரியும். கச்சான் காற்று ஏறினால் வலை எடுக்காத மீனவர்களைப் பார்த்து வளர்ந்தவர். பாம்பனின் பழைய பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ. தொட்டால் ரயிலுக்குச் சிக்னல் கிடைத்ததில்லை. ஸ்கைடைவிங் மாணவருக்கு அந்த வரம்பு 14 மைல், அதாவது 22 கி.மீ.யை ஒட்டி. லைசென்ஸ் எடுத்தவருக்கு விதியில் வரம்பு இல்லை, அதனாலேயே பிரச்சினை: அவர் தானாக வைத்துக்கொள்ளவேண்டும். திரும்பும் முதல் பத்துக் குதிப்புக்கு மாணவர் வரம்பையே வைத்துக்கொள்வதை நாங்கள் வலியுறுத்துவோம்.

வேகத்தைவிடச் சுழல் மோசம். தடுப்புக்குப் பின்னால் காற்று அதன் உயரத்தைப் போல் 10 முதல் 20 மடங்கு தூரம்வரை கலங்கும். சாயல்குடிப் பக்கத்துப் பனைவரிசை 20 மீட்டர் என்றால் அதன் மறைவில் 200 முதல் 400 மீட்டர் கலங்கல். துபாயில் பனைக்குப் பதில் ஹேங்கர், அதாவது விமானக் கொட்டகை. பெரிய, மெதுவான கனோபி அங்கே அதிகம் ஆடும் என்பது உண்மை. அதைச் சாக்காக வைத்து ‘சின்னக் கனோபிதான் காற்றைக் கிழிக்கும்’ என்று விற்பார்கள். கலங்கலுக்குள் இறங்காமல் இருப்பதுதான் அதற்கு மருந்து.

ராமேஸ்வரம் பக்கம் கைட்சர்ஃபிங் கற்ற இளைஞர்கள் இப்போது ஸ்கைடைவிங்கும் விசாரிக்கிறார்கள். காற்றின் விளிம்பை உணரும் திறன் அவர்களுக்குக் கைவரும். இறங்கும் ஃப்ளேர் கைட்டில் கிடையாது. கைட் தைக்கும் ஒட்டு நாடாவால் கனோபிக் கிழிசலை ஒட்டுவதும் கூடாது. துணி ஒன்றுபோல் தெரியும், வேலை வேறு.

உப்பு

ரிக் வாங்கிவிட்டால் அது ஆண்டில் பதினொரு மாதம் கீழக்கரை வீட்டில்தான் கிடக்கும். பாலைவனக்காரருக்கு இல்லாத கவலை இது. நைலானை முதலில் கொல்வது சூரியனின் புற ஊதா ஒளி, அடுத்து ஆசிட் ஆவி. மொட்டை மாடி அறை, கார் டிக்கி, படகு பேட்டரி வைக்கும் மூலை மூன்றும் கூடாது. வீட்டின் உள்ளறையில், பருத்தித் துணிப்பைக்குள், தரையிலிருந்து உயர்த்திய பலகையில் வைக்கலாம். ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் இறுக்கிக் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். மாதம் ஒருமுறை மெயினை உள்ளறைத் தரையில் விரித்து ஆறவிட வேண்டும். லைனைக் கட்டும் ரப்பர் வளையங்கள் நம் மே மாத வெப்பத்தில் பிசினாகிவிடும். பயணத்துக்கு முன் எல்லாவற்றையும் மாற்றியே ஆகவேண்டும். எலியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

கடற்கரை மணலில் கனோபியை விரித்துக் காற்றில் பிடித்துப் பழகும் ஆசை வரும். வேண்டாம். மணல் லைனின் நூல்களுக்குள் புகுந்து அரம்போல் அறுக்கும். மைதானப் புல் கிடைத்தால் சரி.

கடல் நீர் பட்டுவிட்டால், நீர் காய்ந்தபின் படியும் உப்புப் படிகம்தான் துணியை உராய்வதும் உலோகத்தைத் துருப்பிடிக்க வைப்பதும். காயவிடாமல் உடனே நல்ல தண்ணீரில் பலமுறை அலசி நிழலில் உலர்த்தி, முழு ரிக்கும் ரிக்கரிடம் போகவேண்டும். சைப்ரஸ் 2, 5 மீட்டர் ஆழம்வரை 24 மணி நேரம் நீரைத் தாங்கும். ஆனால் நனைந்தபின் அதன் வடிகட்டியை மாற்றவேண்டும். வாங்கும்போதே எஃகு பாகங்கள் ஸ்டெயின்லெஸ் உள்ள ஹார்னஸாகத் தேடினால் இந்தக் கரைக்கு அது நல்ல முதலீடு.

நீரில் இறங்க நேர்ந்தால் செய்யவேண்டியவை வரிசை மாறக்கூடாது. நெஞ்சுப் பட்டையைக் கழற்று, ஆர்.எஸ்.எல்.லைப் பிரி, காற்றை எதிர்த்துத் திரும்பு, கால் பட்டையைச் சற்றுத் தளர்த்து. நீர்மேல் உயரம் கண்ணுக்குப் பிடிபடாது; தெரிந்த அளவுக்குப் பத்தடியில் பாதி பிரேக், மூச்சை நிரப்பி, முழங்காலை மடித்து இறங்கு. ஆழம் முழங்காலளவாகவும் இருக்கலாம், பாக் நீரிணைக்காரருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. கால் நனையும்வரை ஹார்னஸை விட்டு வெளியேறக்கூடாது. நீச்சல் தெரிந்தவர்தான் ‘குதித்துவிடலாம்’ என்று நூறடியில் கழற்றுவார். பி லைசென்ஸுக்கு நீர்ப் பயிற்சி கட்டாயம். இவருக்கு இன்னும் ஒன்பது குதிப்பில் 50 வரும், அப்போது அதுவும் சேர்ந்து முடியட்டும்.

முடிவு

செட் வாங்கப்படவில்லை. அதற்குப் பதில்: முதல் நாள் தளத்தில் தரைப்பாடம், பிறகு பயிற்சியாளரோடு ஒரு குதிப்பு, வாடகை 230-இல், 5,000 அடிக்கு மேல் விரிப்பு, இந்த எடைக்கு லோடிங் 0.90, அவர் கடைசியாகப் பழகிய அதே எண். மேலேயே பத்து முறை பயிற்சி ஃப்ளேர், தட்டையான திருப்பம், பாதி பிரேக்கில் திருப்பம். நாளுக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். நாலைந்து குதிப்புக்குப் பின் 210. நின்ற காலில், குறித்த இடத்தை ஒட்டி, தொடர்ந்து பத்து இறக்கம் வந்தபிறகுதான் வாங்கும் பேச்சு. பி லைசென்ஸ் கேட்பதும் இலக்கிலிருந்து பத்து மீட்டருக்குள் பத்து இறக்கம் என்பதால் இரண்டு வேலையும் ஒன்றாக நடக்கும்.

தேடவேண்டியது: 210 போட்டுத் தொடங்கி 190-க்கு இறங்க இடம் தரும் கன்டெய்னர், 193 அல்லது 218 ரிசர்வ், ஆர்.எஸ்.எல்., ஆயுளில் பாதியாவது மிச்சமுள்ள ஏ.ஏ.டி. மெயின், இசட்.பி., ஒன்பது அறை, சாதுவான வகை. சேபர், பைலட், சஃபைர் வரிசைகளில் பழையது நிறையக் கிடைக்கும். 190-க்கு இறங்குவது 100 குதிப்பு தாண்டிய பிறகு, அதுவும் எடை 76-க்கு வந்தால்: 88 கிலோ, 194 பவுண்டு, லோடிங் 1.02. எடை இறங்காவிட்டால் 210-லேயே இருக்கட்டும்.

துபாய்க்காரரிடமிருந்து வாங்கியது ஹெல்மெட்டும், கைக்கடிகார உயரமானியும், பீப் உயரமானியும் மட்டும். பீப் 5,000, 4,000, 2,500 என்று வைக்கப்பட்டது. செட்டைப் பற்றி அவருக்கு அனுப்பிய பதில் இதுதான்: “காக்கா, 150 உங்களுக்குத்தான் சரி. எனக்கு 210 கன்டெய்னர் யாராவது வித்தா சொல்லுங்க. ரிசர்வ் கார்டு போட்டோ மொதல்ல அனுப்பச் சொல்லுங்க.”